அளவு நாடா சொன்ன இனம்

பதுளையில் ரயில் பாதை முடிகிறது. கொழும்பில் ஏறியவர்கள் எல்லோரும் இறங்கியே ஆக வேண்டிய இடம் அது. எங்கள் ஊரில் ஏன் இத்தனை வகை மனிதர்கள் என்று கேட்பவர்களுக்கு நான் கொடுக்கும் விளக்கமும் அதுதான்: அதற்கு மேல் போக வண்டி இல்லை. நான் படித்த கன்னியர் மடப் பாடசாலை இதையே வேறு மாதிரிச் சொல்லும். ஆண்டு மலரின் முதல் பக்கத்தில், பல நிறப் பூக்கள் ஒரே மாலையில் என்று தவறாமல் எழுதியிருக்கும். எந்தப் பூ எந்த இடத்தில் கோக்கப்பட்டது என்று எழுதியிருக்காது. நான் படவரைஞராக வேலை பார்ப்பவள். ஒரு கட்டடத்தைப் பற்றிப் பேசச் சொன்னால் முதலில் தளப்படத்தை விரிப்பதுதான் வழக்கம். விரிக்கிறேன்.

குன்றின் உச்சியில் சிற்றாலயம். ஒரு படி இறங்கினால், மடத்துக்கும் பாடசாலைக்கும் தலைவியான மதரின் அலுவலகமும் பார்வையாளர் அறையும். இன்னும் கீழே மேல் கட்டடம்: சிங்கள மொழி வகுப்புகள், நூலகம், விஞ்ஞான ஆய்வுகூடம், தண்ணீர் வரும் குழாய். விளையாட்டுத் திடலையும் தாண்டி இறங்கினால் கீழ்க் கட்டடம்: தமிழ் மொழி வகுப்புகள், விறகு, கால் உடைந்த கதிரைகள். வடிகான்கள் எல்லாம் கீழ்நோக்கியே வெட்டப்பட்டிருந்ததால் மேலே பெய்த மழை எங்களிடம் சொல்லிக்கொண்டுதான் ஊரை விட்டுப் போகும்.

கீழ்க் கட்டடம் ஒரு காலத்தில் குதிரை லாயம். வெள்ளைக்காரத் துரைமாரின் மகள்மார் பியானோ பழக வந்தபோது குதிரைகள் அங்கே நின்று காத்திருந்தனவாம். குதிரைகளைக் கட்டிய இரும்பு வளையங்கள் சுவரில் அப்படியே இருந்தன. மழைக்காலத்தில் அவற்றில் குடைகளை மாட்டுவோம். ஸ்பிரிங்வெளிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் தொழிலாளர் லயத்தில் பிறந்து, டவுனுக்கு வந்து லாயத்தில் படிக்கிறவள் என்றுதான் என்னை என் தோழி மற்றவர்களுக்கு அறிமுகம் செய்வாள். அவள் கடைவீதியில் புடைவைக்கடை வைத்திருந்த முஸ்லிம் முதலாளியின் மகள். எட்டாம் வகுப்பிலிருந்து என் பக்கத்தில் உட்கார்ந்தவள். அவள் வாயை மூடி வைக்க எந்தக் கன்னியாஸ்திரியாலும் முடியவில்லை.

பாடசாலையின் வரலாறு பார்வையாளர் அறைச் சுவரில் சட்டம் போட்டுத் தொங்கியது. முதல் படத்தில் தொப்பி போட்ட வெள்ளைக்காரப் பெண்கள். அடுத்த படத்தில் ஒல்லாந்த, போர்த்துக்கேயக் கலப்பில் வந்த பறங்கிப் பெண்கள். தொப்பி அதே தொப்பி. அதற்கடுத்து வலைப்பந்துக் குழு: பறங்கி, சிங்களம், யாழ்ப்பாணத்து டாக்டர் ஒருவரின் இரண்டு மகள்மார். பிறகு ஆங்கிலம் போய் சுயமொழி வந்தது. படத்தில் இரட்டைப் பின்னல்கள் பெருகின. அரசாங்கம் பாடசாலைகளை எடுத்துக்கொண்டபோது எங்கள் மடம், கட்டணம் வாங்குவதில்லை என்ற நிபந்தனையை ஏற்றுத் தனித்து நின்றது. அன்றிலிருந்து, அரசாங்கம் மறுபடி ஆசிரியர்களை அனுப்பத் தொடங்கும் வரைக்கும், கானிவேல் நடத்தியும் கடைவீதி முதலாளிமாரின் நல்ல மனசை நம்பியும் பிழைத்தது. நல்ல மனசுள்ள முதலாளிமாருக்கு மகள்மார் இருந்தார்கள். முக்காடுகளும் படத்துக்குள் வந்தன. கடைசிப் படத்தின் ஓரத்தில், தோட்டங்களிலிருந்து பஸ்ஸில் வந்த எங்களில் சிலர். ஒவ்வொரு படத்திலும் பிள்ளைகளின் நிறம் கொஞ்சம் கொஞ்சமாக மாறிக்கொண்டே வர, நடுவில் உட்கார்ந்திருந்த மதரின் முகம் மட்டும் மாறவில்லை. மதர்மார் மாறினார்கள், முகம் அதேதான்.

காலைப் பிரார்த்தனையில் கத்தோலிக்கப் பிள்ளைகள் முழங்காலில் நிற்பார்கள். பௌத்தர்கள் தலையைக் குனிந்துகொள்வார்கள். முஸ்லிம் பிள்ளைகள் ஜன்னலைப் பார்ப்பார்கள். நாங்கள், எந்தச் சாமியாக இருந்தாலும் கும்பிட்டு வைப்போமே என்று, மாதா சொரூபத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்வோம். ‘சேட்டை செய்யாதே’ என்று அதற்கு அடி விழும். எங்கள் பக்தியை யாரும் அதைவிடக் கேவலப்படுத்தியதில்லை.

பொட்டுக்கும் ஒரு விதி இருந்தது. வாசலில் மாணவர் தலைவி ஈரத் துணியோடு நிற்பாள். பஸ்ஸில் வந்த எங்கள் நெற்றிகள் வரிசையாகத் துடைக்கப்படும். சமயத்துக்கு எதிராக அல்ல, ஒழுங்குக்காக என்று மதர் விளக்கியிருந்தார். சிலுவை போட்ட சங்கிலி ஒழுங்குக்குள் அடங்கியது, பொட்டு அடங்கவில்லை. ஒரே ஒரு நாள் மட்டும் விலக்கு: பாடசாலையின் பாதுகாவலிப் புனிதரைக் கொண்டாடும் பாதுகாவலித் திருநாள். அன்று ஒரே ஒரு நெற்றியில் மட்டும் எட்டி நின்று பார்த்தாலும் தெரிகிற அளவுக்குச் சிவப்புப் பொட்டு வைக்கப்படும். அந்த நெற்றி பெரும்பாலும் எங்களுடையதாக இருக்காது. ஏன் என்று சொல்வதற்குத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்.

பார்வையாளர் அறைக்குப் பின்னால் ஓர் அலுமாரி இருந்தது. அதற்குள் கற்பூர உருண்டைகளுக்கு நடுவே நான்கு உடைகள். சிங்கள மணப்பெண்ணுக்குக் கண்டிச் சேலையான ஒசரியும் அதன் சட்டையும். தமிழ்ப் பெண்ணுக்குச் சிவப்புப் பட்டு. முஸ்லிம் பெண்ணுக்கு ஜரிகை முக்காடு. பறங்கிப் பெண்ணுக்கு லேஸ் வைத்த நீளக் கவுனும் கையுறையும். எந்தக் காலத்திலோ ஒரு மதர் அக்காலத்து மாணவிகள் நால்வரை நிறுத்தி அளவெடுத்துத் தன் கையாலேயே தைத்தவை. அந்த மதர் புனிதராக அறிவிக்கப்படலாம் என்று மடத்தில் ஒரு நம்பிக்கை இருந்ததால், தையலைப் பிரிக்கக் கூடாது, ஒட்டுப் போடக் கூடாது, மடிப்பை அவிழ்க்கக் கூடாது. பாதுகாவலித் திருநாளில் இந்த நான்கு உடைகளையும் நால்வர் உடுத்தி மேடையில் நிற்க வேண்டும். அதற்கு ஒற்றுமைக் காட்சி என்று பெயர்.

உடையை மாற்ற முடியாது என்றால் ஆளை மாற்றத்தானே வேண்டும்? தையல் சிஸ்டர் தோளில் அளவு நாடாவைப் போட்டுக்கொண்டு உயர் வகுப்புகளுக்குள் வருவார். யாழ்ப்பாணத்துத் தீவுப் பக்கத்தவர்; உடம்பில் ஒரு துளிக் கொழுப்பும் பேச்சில் ஒரு துளிச் சர்க்கரையும் இல்லாதவர். எங்களை நிறுத்தித் தோள், கை, இடுப்பு என்று அளப்பார். எந்தச் சட்டை யாருக்குப் பொருந்துகிறதோ அவள் அந்த இனம். எங்கள் பாடசாலையில் ஒருத்தியின் இனத்தை முடிவு செய்தது அளவு நாடாதான். பல வருடங்களாக இதுதான் வழக்கம். பதுளை டவுனுக்கும் இது தெரியும். ஸ்டேஷன் மாஸ்டரின் பறங்கி மகள் முக்காட்டோடு நிற்பதைப் பார்த்துப் பள்ளிவாசல் தலைவர் முன்வரிசையில் இருந்தபடி கைதட்டுவார். யாரும் யாரையும் கேட்பதில்லை. விருந்தினராக வருகிறவர்களும் மேடையில் நிற்பவர்களோடு பேசுவதில்லை. பேசாத வரையில் ஒற்றுமைக்கு ஒரு குறையும் வரவில்லை.

காட்சியில் ஐந்தாவதாக ஒருத்தி உண்டு: நால்வரையும் ஒரு நீல ரிப்பனால் இணைக்கும் தேவதூதி. தேவதூதியின் வெள்ளை அங்கி யாருக்கும் பொருந்தும் அளவுக்குத் தொளதொளவென்றிருக்கும். ஆனால் அதற்கு மட்டும் தையல் சிஸ்டர் அளவெடுக்க மாட்டார். முகத்தைப் பார்த்துத்தான் தெரிவு செய்வார். வெளுத்த முகம். அதிலொரு வருடமும் பிசகு நடக்கவில்லை.

உயர்தர வகுப்பில் நான் கணிதப் பிரிவில் சேர்ந்த வருடத்தில், ஒசரி எனக்குப் பொருந்தியது.

‘கையைத் தூக்கு பிள்ளை. ம்ம். உனக்கு ஒசரிதான்.’

‘சிஸ்டர், நான் தமிழுங்க.’

‘அது எனக்குத் தெரியாதோ? சட்டைக்குத் தெரிய வேணுமே. மூச்சை இழுத்துப் பிடி.’

தமிழ்ச் சேலையின் ரவிக்கை, மாவட்டச் செயலகமான கச்சேரியில் வேலை பார்த்த ஒரு சிங்கள அதிகாரியின் மகளுக்குப் பொருந்தியது. மேல் கட்டடத்தில் படித்த நல்ல பெண். தமிழில் அவளுக்குத் தெரிந்தது இரண்டு சொற்கள்: ‘வணக்கம்’, ‘வடை’. முக்காடு பறங்கிப் பெண்ணுக்குப் போனது. கடைசியில் மிஞ்சிய கவுன், கையுறை, இறகு வைத்த தொப்பி எல்லாம் என் தோழிக்கு.

‘அல்லாவே, வாப்பா முன்வரிசையில இருப்பாரே’ என்றாள் தோழி.

‘உன்ட வாப்பாதான் இந்த முறை திரைச்சேலைக்குத் துணி தந்தவர்’ என்றார் சிஸ்டர். ‘அவர் ஒண்டும் சொல்ல மாட்டார். கையுறையைக் கிழிச்சுப் போடாதே.’

அந்த வருடம் எங்களுக்கு இருந்த கவலை உடை பற்றியது அல்ல. கீழ்க் கட்டடத்துக் கணித வகுப்புக்குப் பௌதிகம் படிப்பித்த மட்டக்களப்பு வாத்தியார் முதலாம் தவணை முடிவில் ஊருக்கு மாற்றலாகிப் போய்விட்டார். அவருக்குப் பதில் யாரும் வரவில்லை. பௌதிகப் பாடவேளையில் எங்களைச் சும்மா இருக்க விடக் கூடாது என்று தையல் சிஸ்டர் வந்து உட்கார்ந்தார். நாங்கள் நியூட்டனின் விதிகளுக்குப் பதிலாகப் பின்னல் தையல் பழகினோம். ‘இதுவும் விசைதான், இழுத்தால் வரும்’ என்றார் அவர். மதர் எங்களிடம் வந்து தெளிவாகச் சொன்னார்: வருட முடிவுக்குள் திணைக்களம் ஒருவரை அனுப்பாவிட்டால் தமிழில் கணித வகுப்பு இல்லை. சிங்களம் நன்றாகத் தெரிந்தவர்கள் மேல் கட்டடத்துக்குப் போகலாம். மற்றவர்கள் கலைப் பிரிவு, அல்லது மனையியல்.

எனக்குச் சிங்களம் பஸ் கண்டக்டரோடு பேசும் அளவுக்குத் தெரியும். இங்கே இறங்கணும் என்கிற ‘மெதன பஹினவா’வோடு என் சிங்களமும் இறங்கிவிடும். அதை வைத்துக்கொண்டு பௌதிகம் படிக்க முடியாது.

இந்தச் செய்தி எப்படியோ ஹல்துமுல்லையிலிருந்த தாய்மாமா காதுக்குப் போயிருந்தது. அப்பா தேயிலைத் தொழிற்சாலையில் ஃபிட்டர். இயந்திரங்களைப் பழுது பார்ப்பவர். ஞாயிற்றுக்கிழமை மாமா வந்து, தன் தோட்டத்துக் கிளாக்கர் ஒருவரின் குணநலன்களை எங்கள் வீட்டு வாங்குப் பலகையில் உட்கார்ந்து அடுக்கினார். பிறகு விஷயத்துக்கு வந்தார்.

‘பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு மச்சான் பௌதிகம்? கரண்டு கம்பத்துல ஏறப் போகுதா?’

‘ஏறுனா ஏறட்டுமே மாப்ள. நான் கீழ நின்னு ஏணியப் புடிச்சிக்கிறேன்.’

‘அதான் வாத்தியாரே இல்லங்கிறாங்களே. அப்புறம் என்னத்தப் படிக்கும்?’

அம்மா தேத்தண்ணி கொண்டு வந்து வைத்துவிட்டு, ‘வருசக் கடைசி வரைக்கும் பாப்போம்ணே’ என்றார். மாமா சரி என்று தலையாட்டினார். வருடக் கடைசி வரைக்கும் கிளாக்கர் காத்திருப்பார் என்பதும் அதில் அடங்கியிருந்தது. அப்படியாக ஒரு வாத்தியார் வருகிறாரா, ஒரு மாப்பிள்ளை வருகிறாரா என்பதுதான் என் நிலைமை.

அந்த வருடத் திருநாளுக்குப் பிரதம விருந்தினர், புதிதாக வந்த கல்விப் பணிப்பாளர். இது மதர் போட்ட கணக்கு. மதர் நீர்கொழும்புக் கரையோரத்தவர். சிங்களத்தில் நிர்வாகம் செய்வார், ஆங்கிலத்தில் ஜெபிப்பார், கோபம் வந்தால் மட்டும் தமிழுக்கு இறங்குவார். நேராகக் கேட்பது மரியாதையல்ல என்பது அவருடைய கொள்கை. ஆகவே வரவேற்புரையின் கடைசிப் பந்தியில் எங்கள் வாத்தியாரைப் பற்றி ஒரு வாக்கியம் சேர்த்தார். அது மிகவும் பண்பான வாக்கியம். அறிவெனும் தோட்டத்தின் கீழ்ப்பாத்திக்கும் ஒரு தோட்டக்காரனின் கருணை கிடைக்குமாக என்பது போல் முடியும். அதைக் கேட்டால் தோட்ட வேலைக்கு ஆள் கேட்கிறார்கள் என்றுதான் எவரும் நினைப்பார்கள்.

திருநாள் வந்தது. அலுமாரிக்குப் பின்னால் எங்களுக்கு உடுத்தி முடித்தார்கள். எனக்கு ஒசரியும் ஏழு சங்கிலியும், கையில் வெற்றிலைத் தட்டும். கச்சேரி அதிகாரியின் மகளுக்குச் சிவப்புப் பட்டு, தலை நிறையப் பூ, நெற்றியில் அந்தப் பொட்டு. அவள் அதைத் தொட்டுப் பார்த்துச் சந்தோஷப்பட்டாள். காலையில் வாசலில் துடைக்கப்பட்ட என் நெற்றியில் கண்டி நகைகள் தொங்கின. பறங்கிப் பெண்ணின் கையில் அட்டையில் வெட்டிய பிறை. என் தோழியின் கையில் தந்தி இல்லாத வயலின்.

‘வாப்பா வந்தீக்கிறார்’ என்றாள் தோழி, திரையின் ஓட்டை வழியாகப் பார்த்து. ‘என்ட மூஞ்சி தெரியாம தொப்பிய இறக்கி உடு.’

திரை விலகியது. பதுளை கைதட்டியது. தோழியின் வாப்பா மேடையைப் பார்த்தார், தான் கொடுத்த திரைச்சேலையைப் பார்த்தார், அதைப் பார்ப்பதே நல்லது என்று முடிவு செய்துகொண்டார்.

வரவேற்புரை வாசிக்கப்பட்டது. தோட்டக்காரனின் கருணை வந்தது, போனது. பணிப்பாளர் அதற்கும் மற்றவற்றுக்குத் தலையாட்டியது போலவே தலையாட்டினார். பிறகு, எந்த விருந்தினரும் செய்யாத ஒன்றைச் செய்தார். ஒலிவாங்கியைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு நேராகக் காட்சிக்குள் நடந்து வந்தார். வட கிழக்கில் சில வருடங்கள் வேலை பார்த்தவராம். தன் தமிழில் அவருக்குப் பெருமை. சிவப்புப் பட்டுக்கு முன்னால் நின்றார்.

‘மகள், சுகமா?’

சிவப்புப் பட்டு, ‘வணக்கம்’ என்றது. அது அவளிடமிருந்த தமிழில் பாதி.

‘இங்க தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஏதும் குறை இருக்கா? பயம் இல்லாம சொல்லுங்க.’

மீதி இருந்தது ‘வடை’ மட்டும். நல்லவேளை, அதைச் சொல்லவில்லை. வியர்த்து, மதரைப் பார்த்து, தன் தாய்மொழிக்குத் தப்பி ஓடினாள். ‘கிசிம அடுவக் நே, சேர்.’ ஒரு குறையும் இல்லை ஐயா.

பணிப்பாளர் சபையின் பக்கம் திரும்பினார். கேட்டீர்களா, ஒரு தமிழ் மகள், எவ்வளவு சுத்தமான சிங்களம், கண்டியிலேயே பிறந்தது போல! குறையும் இல்லை என்கிறாள். இப்படிப் பேசுகிற பிள்ளைகளுக்குத் தனியாகத் தமிழ் வகுப்பு, தனியாக ஆசிரியர் என்று ஏன் பிரித்து வைக்க வேண்டும்? எல்லோரும் ஒரே கட்டடத்தில் இருக்கலாமே! சபை கைதட்டியது. பணிப்பாளர் கைதட்டச் சொன்னால் பதுளை கைதட்டும்.

நான் மதரைப் பார்த்தேன். ஐயா, அது சிங்களப் பிள்ளை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் அதைச் சொன்னால் அடுத்த கேள்வி, அப்படியானால் தமிழ்ப் பிள்ளை எங்கே என்று வரும். அதற்கு என்னைக் காட்ட வேண்டும். பிறகு முஸ்லிம் பிள்ளை எங்கே என்பார். வயலினைக் காட்ட வேண்டும். பல வருடத்து ஒற்றுமை அந்த இடத்திலேயே அவிழ்ந்து விழும். மதர் தன் சிலுவையை நேராக்கிக்கொண்டார். அவ்வளவுதான்.

தொப்பிக்குள்ளிருந்து குரல் வந்தது. ‘ஏய், வகுப்பு போவுதுடி. பேசு.’

‘நீ பேசு. உனக்குத்தான் வாய்.’

‘நான் இப்ப வெள்ளக்காரிடி. எனக்குத் தமிழ் தெரியா.’

பணிப்பாளர் ஒலிவாங்கியோடு அடுத்த அடி வைத்து எனக்கு முன்னால் வந்து நின்றார். சிங்களத்தில் ஏதோ அன்பாகக் கேட்டார். பெயரைக் கேட்டாரா ஊரைக் கேட்டாரா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. என் கண் முன்னால் மாமா உட்கார்ந்த வாங்கும், அதில் இன்னும் வந்து உட்காராத ஒரு கிளாக்கரும் தெரிந்தார்கள். எனக்குத் தெரிந்த மொழியில், தெரிந்த விதத்தில் சொன்னேன்:

‘ஐயா, தமிழ் வகுப்புக்குப் பௌதிகம் சொல்லிக் குடுக்க ஆளு இல்லைங்க. போன தவணையில இருந்து இல்லைங்க. வருசக் கடைசிக்குள்ள ஆளு வரலன்னா வகுப்ப மூடிருவாங்க. அந்தப் புள்ளைங்களுக்குப் பௌதிகம் படிக்கற அளவுக்குச் சிங்களம் தெரியாதுங்க. ஒரு வாத்தியாரு அனுப்பி வைங்க, ஐயா.’

அந்தப் பிள்ளைகள் என்று ஏன் சொன்னேன் என்று தோழி பிறகு பலமுறை கேட்டிருக்கிறாள். ஏழு சங்கிலி கழுத்தில் கிடக்கும்போது நாங்கள் என்ற சொல் வாயில் வரவில்லை. வேறு காரணம் இல்லை.

பணிப்பாளரின் கண்கள் கலங்கின. நான் பயந்து போனேன். அவர் தன் கையை என் தலைமேல், ஒசரியின் தலைநகைகளுக்கு இடையில் இடம் தேடி வைத்தார். பிறகு பேசினார். நீண்ட நேரம் பேசினார். கண்டி உடுத்திய ஒரு சிங்கள மகள், தமிழ் படித்து, தன் தமிழ்ச் சகோதரிகளுக்காக ஓர் ஆசிரியரைக் கேட்டு மன்றாடுகிறாள். தனக்கென்று ஒன்றும் கேட்கவில்லை. இந்த நாடு எங்கே போக வேண்டும் என்று யாராவது கேட்டால் இந்தப் பிள்ளையைக் காட்டுங்கள் என்றார். முன்வரிசையில் சில பெண்கள் கண்ணைத் துடைத்தார்கள். அவர்களில் பாதிப் பேருக்கு என்னைப் பஸ்ஸில் பார்த்துத் தெரியும்.

கடைசியில் என் தமிழையும் அவர் விட்டு வைக்கவில்லை. மதரின் பக்கம் குனிந்து, ஆனால் ஒலிவாங்கி கையிலிருப்பதை மறந்து, சொன்னார்: ‘தமிழ் கொஞ்சம் தோட்டத்துத் தமிழ் மாதிரி இருக்கு. வீட்டு வேலைக்காரங்ககிட்ட பழகியிருக்கும். பரவாயில்ல, திருத்திக்கலாம்.’

தோழியின் தொப்பி குலுங்கியது. வயலின் கீழே விழுந்தது.

அடுத்த தவணை தொடங்கும்போதே ஆசிரியர் வந்துவிடுவார் என்று மேடையிலேயே அறிவித்தார். கேட்ட கோரிக்கை அதேதான்: மதர் தோட்டக்காரனின் கருணை என்று எழுதியதும், தமிழ் வகுப்புப் பெற்றோர்கள் திணைக்களத்துக்குப் போய்ப் படிக்கட்டில் நின்று கேட்டதும், அப்பா அரை நாள் சம்பளத்தை விட்டுவிட்டு ஒருமுறை போய்க் கேட்டதும். அப்போதெல்லாம் பார்ப்போம் என்றார்கள். ஒசரி கேட்டது, உடனே கிடைத்தது.

திரை மூடியதும் தையல் சிஸ்டர்தான் முதலில் வந்தார். சங்கிலிகளைக் கழற்றிக்கொண்டே, ‘என்ன பிள்ளை, ஆளு இல்லைங்க, ஆளு இல்லைங்க! ஆசிரியர் இல்லை எண்டு சொன்னால் வாய் நோகுமோ? அத்தனை சனத்துக்கு முன்னால’ என்றார். பிறகு சட்டையின் கக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். வியர்வையில் நனைந்திருந்தது; தையல் விடவில்லை. அதில் அவருக்குத் திருப்தி.

மதர் என்னை அலுவலகத்துக்குக் கூப்பிட்டார். நான் சீருடைக்கு மாறியிருந்தேன். எதிரே இருந்த கதிரையைக் காட்டினார். கீழ்க் கட்டடத்திலிருந்து போனவர்கள் அதில் உட்கார்ந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

‘பாரு மகள், நீ பொய் ஏதும் சொல்லல்ல’ என்றார், தமிழில். கோபம் இருந்தது, என்மீதா என்று தெரியவில்லை.

‘இல்லைங்க மதர்.’

‘நானும் சொல்லல்ல.’

‘இல்லைங்க மதர்.’

‘அவர் கேக்கவும் இல்ல. சரி. ஆளுக்கு ஆள் சொல்லிக்கொண்டு திரியாதே. முதல்ல வாத்தியார் வரட்டும்.’ பிறகு மேசையிலிருந்த விருந்தினர் தட்டை என் பக்கம் தள்ளினார். அதில் பணிப்பாளர் சாப்பிடாமல் விட்ட ஒரு பட்டிஸ் பலகாரம் இருந்தது. நான் சாப்பிட்டேன். அது மன்னிப்பா பாராட்டா என்று நான் ஆராயவில்லை, பசி.

வாத்தியார் வந்தார். திருகோணமலைக்காரர், இளம் வயது, சுண்ணக்கட்டியை இரண்டாக உடைத்துத்தான் எழுதுவார். முதல் நாள் வகுப்புக்குள் வந்து, சுவரிலிருந்த குதிரை வளையங்களைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, ஒரு கேள்வி கேட்டார். ‘உங்களுக்காகப் பேசினது ஒரு சிங்களப் பிள்ளை எண்டு திணைக்களத்தில சொன்னவங்க. ஆர் அவ? எந்த வகுப்பு?’

வகுப்பு முழுவதும் திரும்பி என்னைப் பார்த்தது. நான் பாடக் கொப்பியைப் பார்த்தேன்.

‘இவதான் சேர் அந்தச் சிங்களப் புள்ள’ என்றாள் என் தோழி. ‘வெள்ளக்காரி நான்.’

விஷயம் முழுவதையும் அவளே சொன்னாள், நடித்தும் காட்டினாள். வாத்தியார் சிரிக்கவில்லை. கையிலிருந்த சுண்ணக்கட்டியை இன்னொரு முறை உடைத்தார். பிறகு கரும்பலகையில் அலகுகளும் பரிமாணங்களும் என்று எழுதித் தொடங்கிவிட்டார். கிளாக்கரை இனிக் காக்க வைக்க வேண்டாம் என்று மாமாவுக்கு அம்மா என்னைக் கடிதம் போடச் சொன்னார். ஹல்துமுல்லைக் கிளாக்கர் அந்த வருடமே வேறு இடத்தில் கல்யாணம் செய்துகொண்டார். நல்லவராகத்தான் இருந்திருப்பார்.

அடுத்த வருடத் திருநாளுக்கும் பணிப்பாளர் வந்தார். தானே கேட்டு வந்ததாகச் சொன்னார்கள். அதற்குள் என் தோள் அகன்றுவிட்டது; சட்டை ஏறவில்லை. அளவு நாடா இந்த முறை ஒசரியை ஒரு மலாய்ப் பெண்ணுக்குக் கொடுத்தது. பொலிஸ் சார்ஜன்டின் மகள், கடைவீதித் தமிழில் வெளுத்து வாங்குவாள். பணிப்பாளர் மேடையில் அவளைக் கண்டதும் முகம் மலர்ந்து, ‘ஆ, எங்கட சிங்கள மகள்! தமிழ் எப்படி இருக்கு?’ என்று கேட்டார். ‘நல்லா இருக்குது சேர், நீங்க சுகமா சேர், வீட்டில எல்லாரும் சுகமா சேர்?’ என்றாள் அவள் ஒரே மூச்சில். ஒரு வருடத்தில் எவ்வளவு திருந்திவிட்டது பாருங்கள் என்று மதரிடம் வியந்தார். மதர் சிலுவையை நேராக்கிக்கொண்டார்.

விழா முடிந்ததும், தான் கொடுத்த வாத்தியாரைப் பார்க்க விரும்பினார். எல்லோரும் கீழ்க் கட்டடத்துக்கு இறங்கி வந்தார்கள்; வழுக்கும் படிகளில் மதர் அவருக்கு முன்னால் நடந்தார். நாங்கள் வெள்ளைச் சீருடையில், துடைத்த நெற்றிகளோடு எழுந்து நின்றோம். அவர் வரிசையாக வந்தார். என் முன்னால் நின்றார். என் முகத்தை நன்றாகப் பார்த்தார். ஒரு வருடத்துக்கு முன் கை வைத்த தலை அது. நான் காத்திருந்தேன். வாத்தியார் கரும்பலகையின் பக்கம் திரும்பிக்கொண்டார். என் தோழி முன்னால் சாய்ந்ததில் அவள் மேசை கிறீச்சிட்டது.

‘எந்த இடம், மகள்?’

‘தோட்டம், ஐயா. ஸ்பிரிங்வெளிப் பக்கம்.’

‘நல்லது, நல்லது. தோட்டத்தில இருந்து வந்து பௌதிகம் படிக்கிறீங்க. கெட்டிக்காரி.’ பிறகு குரலைத் தாழ்த்தி, ஒரு பெரிய கடமையை நினைவூட்டுபவர்போலச் சொன்னார்: ‘இந்த சேர் உங்களுக்குக் கிடைச்சது ஒரு சிங்களப் பிள்ளையால. அத மறக்கக் கூடாது.’

‘மறக்க மாட்டேன், ஐயா’ என்றேன்.

மறக்கவில்லை.